முகம் அறியாத உறவு

ஸ்ரீ:

பெருமாளின் திருவருளால் இவ்வாண்டும் திருக்கொடி ஏறிவிட்டது. பல ஊர்களிலிருந்தும் யாத்ரிகர்கள் வந்து குழுமியிருக்கிறார்கள். நேற்று வரை ஒருவரையொருவர் அறியாதவர்கள் இன்று ஒரே வடத்தைப் பற்றித் தேரிழுக்கிறார்கள். ஒரே பந்தியில் அமர்ந்து பிரஸாதம் கொள்கிறார்கள். ஒருவர் குழந்தையை மற்றொருவர் தோளில் தூக்கிப் பெருமாளைச் சேவிக்கச் செய்கிறார்கள். தீர்த்தவாரி முடிந்து, கொடி இறங்கிய மறுநாள் இவ்வீதிகள் வெறிச்சோடிவிடும். முப்பது ஆண்டுகளுக்கு மேலாக இந்த ஸந்நிதியில் கைங்கரியம் செய்துவரும் அடியேன், ஒவ்வோர் உத்ஸவத்தின் முடிவிலும் இக்காட்சியைக் கண்டிருக்கிறேன்.

ஆயினும் மனிதர் கூடுவதையும் பிரிவதையும் பற்றி அடியேனை உள்ளபடி சிந்திக்க வைத்தது உத்ஸவமன்று. முகம்கூடக் கண்டிராத ஓர் அன்பர். அவர் அடியேனிடம் ஒரு கேள்வி கேட்டார். மறுநாள் விடை சொல்வதாக வாக்களித்தேன். அந்த மறுநாள் வரவில்லை. சொல்லாமல் நின்ற அந்த விடையையே மலர் வாசகர்களாகிய தங்கள் முன்னிலையில் விண்ணப்பித்துக்கொள்ளத் துணிகிறேன்.

2020ஆம் ஆண்டு மார்ச்சு மாதக் கடைசியில் கொரோனா நோயின் காரணமாக நாடெங்கும் ஊரடங்கு வந்தது தங்களுக்கு நினைவிருக்கும். திருக்கோயில்களில் பக்தர்கள் வருகை நின்றது. நித்திய திருவாராதனம் மட்டும் நிற்கவில்லை. பெரிய கதவை உட்புறம் தாழிட்டுக்கொண்டு, பெருமாளும் அர்ச்சகனுமாகக் காலம் கழிந்தது. மணியோசை கேட்டு ஓடிவர எவருமில்லை. தீர்த்தம் ஸாதிக்க எதிரே கைகள் இல்லை. சடாரி ஸாதிக்க ஒரு சிரம் இல்லை. அப்படியொரு தனிமையை அதற்கு முன் அடியேன் அறிந்ததில்லை.

அந்நாளில் அன்பர்கள் சிலர் கேட்டுக்கொண்டபடி, பலரும் ஒரே நேரத்தில் கூடிக் கேட்கும் தொலைபேசி அழைப்பின் வழியாக ஸ்தோத்திர ஸந்தை ஒன்று தொடங்கிற்று. காலைத் திருவாராதனம் முடிந்ததும் அடியேன் ஓர் அடியைச் சொல்வேன். கேட்பவர்கள் இருமுறை திருப்பிச் சொல்வார்கள். நேரம் முதலியவற்றை அறிவித்துக்கொள்ள வாட்ஸ்அப் குழு ஒன்றும் ஏற்பட்டது. மும்பை, பெங்களூர், கடல் கடந்த தேசங்கள் என்று நாற்பது பேர் போல் சேர்ந்தார்கள். அடியேனோ பாடசாலையில் வாத்தியார் எதிரே அமர்ந்து, அவர் உதடு அசைவதைப் பார்த்தே பாடம் கேட்டவன். முகம் காணாமலும் ஒரு பாடம் நடக்குமோ என்ற ஐயத்துடனேயே தொடங்கினேன்.

அந்த நாற்பது பேரில் ஒருவரே அடியேன் குறிப்பிடும் அன்பர். பெயரைக் கேட்டால், 'அடியேன் ராமாநுஜ தாஸன்' என்பார். நம் ஸம்பிரதாயத்தில் அது எல்லோருக்கும் பொதுவான பெயர். ஒருவரை மற்றொருவரிடமிருந்து பிரித்துக் காட்டும் பெயரன்று. மேற்கொண்டு கேட்பது நாகரிகமன்று என்று அடியேனும் விட்டுவிட்டேன். குரலைக் கொண்டு அறுபது வயதைக் கடந்தவர் என்று ஊகித்தேன். அவர் பேசும்போது பின்னால் ரயில் செல்லும் ஓசை கேட்கும். வடக்கே ஓர் ஊரில் தண்டவாளத்தை ஒட்டிக் குடியிருப்பதாகவும், ஊரடங்கில் சரக்கு ரயில்கள் மட்டுமே ஓடுவதாகவும் ஒருமுறை சொன்னார். அடியேன் அவரைப் பற்றி அறிந்தது அவ்வளவே.

ஸந்தை முடிந்ததும் தவறாமல் ஒரு கேள்வி கேட்பார்: "ஸ்வாமி, இன்று பெருமாளுக்கு என்ன திருமாலை?" மூலவரைப் படம் எடுக்கும் வழக்கம் இங்கு இல்லை. ஆகையால் வாயால்தான் சொல்லவேண்டும். "இன்று துளஸியும் விருட்சியும், பூக்காரர் வர வழியில்லை, நந்தவனத்து நந்தியாவட்டையைத் தொடுத்துத் திருவடிகளில் ஸமர்ப்பித்தேன்" என்பேன். அவர் சிறிது நேரம் பேசாமலிருந்து, "சேவித்தேன் ஸ்வாமி" என்பார்.

இங்கே அடியேன் ஓர் உண்மையை மறைக்கலாகாது. முப்பது ஆண்டுகள் பெருமாளைத் தொட்டு ஆராதித்த கைகளுக்கு, நாளடைவில் பழக்கமே மிஞ்சி, பார்வை குறைந்துவிடுகிறது. மாலையைச் சாற்றுவோம், சாற்றிய பின் நின்று பார்ப்பதில்லை. அந்த அன்பருக்குச் சொல்லவேண்டுமே என்ற காரணத்தால்தான் அடியேன் மறுபடியும் பெருமாளை நின்று சேவிக்கத் தொடங்கினேன். அவருக்கு அடியேன் கண்ணாயிருந்தேன் என்று அவர் நினைத்திருப்பார். உண்மையில் அடியேனுக்குக் கண் கொடுத்தவர் அவர்.

2020 செப்டம்பரில் கோயில் திறந்து, 2021 ஏப்ரல் கடைசியில் மீண்டும் பக்தர்களுக்கு மூடப்பட்டது. அந்த மே மாதத்தில் ஒருநாள், வழக்கமான கேள்விக்குப் பிறகு அவர் இன்னொன்றும் கேட்டார்: "ஸ்வாமி, ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்ததில்லை. இதுவும் ஒரு ஸம்பந்தம்தானா?" தளிகை ஸமர்ப்பிக்க நேரமாகிவிட்டது. "நாளை விண்ணப்பிக்கிறேன்" என்று சொல்லி அழைப்பை முடித்துக்கொண்டேன். மறுநாள் அவர் வரவில்லை. அதற்கு மறுநாளும் இல்லை. அனுப்பிய செய்திகள் ஒற்றை டிக்குடனேயே நின்றன. சில மாதங்களுக்குப் பின் அந்த எண்ணே உபயோகத்தில் இல்லை என்று குரல் வந்தது. குழுவில் எவருக்கும் அவர் பெயரோ, வீடோ, உற்றாரோ தெரியவில்லை. அந்த மே மாதம் எத்தகையது என்பதை அனைவரும் அறிவோம். அவர் திருநாட்டுக்கு எழுந்தருளினாரா, அல்லது எண்ணை மாற்றிக்கொண்டு எங்கேனும் க்ஷேமமாயிருக்கிறாரா? இன்றளவும் தெரியாது.

கணிப்பொறித் துறையில் பணிபுரியும் என் தமக்கையின் மகனிடம் இதைச் சொன்னேன். "மாமா, எங்கள் தலைமுறைக்கு இது பழகிய துக்கம்" என்றான். 2004இல் தொடங்கி இந்தியாவிலும் பிரேஸிலிலும் லக்ஷக்கணக்கானோர் கூடியிருந்த ஆர்குட் 2014 செப்டம்பர் 30ஆம் நாள் மூடப்பட்டதையும், யாஹூ மெஸஞ்சர் 2018 ஜூலை 17ஆம் நாள் நின்றுபோனதையும் சொன்னான். அங்கே புனைபெயரால் மட்டுமே அறிமுகமாகி, இரவெல்லாம் சுக துக்கங்களைப் பேசியிருந்த நண்பர்களை, அவை மூடிய பின் தேடிக் கண்டுபிடிக்க வழியில்லாமல் போயிற்றாம். வீதி இருந்தால் அங்கே போய் விசாரிக்கலாம். வீதியே இல்லாமல் போனால் யாரிடம் விசாரிப்பது என்று கேட்டான்.

அவனே நார்வே தேசத்து இளைஞர் ஒருவரைப் பற்றியும் சொன்னான். மாட்ஸ் ஸ்டீன் என்று பெயர். தசைகள் நாளுக்கு நாள் வலுவிழக்கும் பிறவி நோயால் சக்கர நாற்காலியில் வாழ்ந்தவர். கணிப்பொறி விளையாட்டு ஒன்றில், வேறு பெயரில், ஆண்டுக்கணக்காய்ப் பொழுது போக்கினார். 2014 நவம்பரில், 25ஆம் வயதில் காலமானார். நம் பிள்ளைக்கு ஸ்நேஹிதர் என்று ஒருவரும் இல்லாமற் போயிற்றே என்பதே பெற்றோரின் பெருந்துயரமாயிருந்தது. மறைவுச் செய்தியை இணையத்தில் அறிவித்தார்கள். அவ்வளவில் பல நாடுகளிலிருந்தும் மடல்கள் வரலாயின. அவ்விளையாட்டில் அவரோடு பழகியவர்கள், தங்கள் கஷ்ட காலத்தில் அவர் சொன்ன ஆறுதலை எழுதினார்கள். சிலர் நாடு கடந்து வந்து ஈமச்சடங்கில் நின்றார்கள். 2024இல் அவர் வாழ்வைப் பற்றி ஓர் ஆவணப்படமும் வெளிவந்தது. பெற்றோர் கண்ட மகன் ஒருவர். முகம் காணாத நண்பர்கள் அறிந்த மகன் இன்னொருவர். இரண்டும் மெய்யே.

இனி அன்பர் கேட்ட கேள்விக்கு வருவோம். முகம் காணாதது ஒரு ஸம்பந்தமாகுமா?

ஆகாது என்றால் நம் குருபரம்பரையே நில்லாது. எம்பெருமானார் ஆளவந்தாரை உயிருடன் நேரில் சேவித்ததில்லை. பெரிய நம்பி அழைக்க, காஞ்சியிலிருந்து ஆவலுடன் புறப்பட்டுத் திருவரங்கம் வந்து சேர்ந்தபோது, ஆளவந்தாரின் சரம திருமேனியைத்தான் கண்டார். மடங்கியிருந்த மூன்று விரல்களைக் கண்டு, அவர் திருவுள்ளத்தில் எஞ்சியிருந்த குறை யாது என்று உணர்ந்து, அவற்றைத் தாம் நிறைவேற்றுவதாக உறுதி கூறினார். ஒரு வார்த்தைகூட நேரில் பேசிக்கொள்ளாத அந்த உறவிலிருந்துதான் ஸ்ரீபாஷ்யம் பிறந்தது. தமிழ் மரபிலும் பாண்டி நாட்டுப் பிசிராந்தையாரும் உறையூர்க் கோப்பெருஞ்சோழனும் ஒருவரையொருவர் காணாமலே உயிர் நண்பராயிருந்த வரலாற்றைப் புறநானூறு சொல்லுகிறது. அக்காலத்தில் கைப்பேசி இல்லை என்பதுதான் வேறுபாடு. கண்ணால் காண்பது உறவுக்கு ஒரு வாயில். வாயில் அதுவொன்றே அன்று.

நல்லது, உறவு மெய்யே என்று வைத்துக்கொள்வோம். மெய்யாயினும் அநித்தியம்தானே, அநித்தியமானதற்காக வருந்துவது அஞ்ஞானமன்றோ என்று அடுத்த கேள்வி எழும். வேதாந்தம் படித்தவர்கள் இதை எளிதில் சொல்லிவிடுகிறோம். அடியேனும் துக்கம் விசாரிக்கச் சென்ற இடங்களில் பல முறை சொல்லியிருக்கிறேன். பெரும் கடலில் இரண்டு கட்டைகள் சேர்வதும், சிறிது காலம் கூட மிதப்பதும், பின்பு அலைகளால் பிரிவதும் போன்றதே மனிதர் கூட்டம் என்று சித்திரகூடத்தில் ராமபிரான் பரதாழ்வானுக்கு உபதேசித்ததை எடுத்துக்காட்டுவேன். கேட்பவர்கள் தலையசைப்பார்கள்.

என் அன்பர் காணாமற்போன பிறகு அதே அயோத்தியா காண்டத்தை மறுபடி பார்த்தேன். இத்தனை காலம் கவனிக்கத் தவறிய ஒன்று கண்ணில் பட்டது. அந்த உபதேசம் முதலில் வரவில்லை. தந்தை மறைந்த செய்தி கேட்டவுடன் ராமபிரான் மூர்ச்சையடைந்தார், வாய்விட்டு அழுதார், மந்தாகினியில் இறங்கித் தர்ப்பணம் செய்தார், வனத்தில் கிடைத்த இங்குதிப் பிண்ணாக்கையும் இலந்தைப் பழத்தையும் கொண்டு பிண்டமிட்டார். இவ்வளவும் ஆன பிறகே கட்டைகளின் உவமையைச் சொன்னார். அழவேண்டியதை அழுது, செய்யவேண்டியதைச் செய்தவர் வாயிலிருந்து வந்தபடியால் அது ஞானமாயிற்று. அழுகையையும் கடமையையும் தவிர்க்கும் பொருட்டு நாம் சொல்லும்போது, அதே வார்த்தை கல் நெஞ்சத்துக்குப் போர்த்திய பட்டாகிவிடுகிறது.

அவ்வாறு உபதேசித்தவரே பின்னர் ஆரணியத்தில் ஜடாயுவின் முன் என்ன செய்தார்? ஸீதா பிராட்டியைப் பிரிந்த துயரத்தினும் இந்தப் பறவையின் மரணம் தமக்குப் பெருந்துயரம் என்று கலங்கி, மகன் தந்தைக்குச் செய்வது போல் தம் கையாலேயே தீ மூட்டினார். காஞ்சிக்கு அருகிலுள்ள திருப்புட்குழி திவ்ய தேசம் இன்றும் அந்தக் கைங்கரியத்தை நமக்கு நினைவூட்டுகிறது. உறவெல்லாம் கடலில் சேர்ந்த கட்டைகள் என்று அறிந்தவர், தமக்காக உயிர் கொடுத்த ஒரு பறவையை வெறும் கட்டை என்று விட்டுவிட்டுப் போகவில்லை. அநித்தியம் என்ற அறிவு நன்றியை ரத்து செய்வதில்லை என்பதற்கு இதைவிடப் பிரமாணம் வேண்டுமா?

இந்த ஜடாயு ஸம்ஸ்காரத்தையே பெரிய நம்பியும் பிரமாணமாகக் காட்டினார். ஆளவந்தாரின் சிஷ்யரான மாறனேரி நம்பி, உலகத்தார் தாழ்ந்தது என்று கருதிய குலத்தில் பிறந்தவர். அவர் பரமபதித்தபோது பெரிய நம்பி தாமே அந்திமக் கிரியைகளைச் செய்தார். ஊரார் இகழ்ந்தார்கள். எம்பெருமானார் காரணம் கேட்க, ராமபிரான் ஜடாயுவுக்கும், தர்மபுத்திரர் விதுரருக்கும் செய்ததைச் சுட்டினார். உடம்பைப் பற்றி வந்த உறவு வினையின் அளவே நிற்பது. எம்பெருமானைப் பற்றி வந்த உறவு அவன் உள்ளளவும் நிற்பது. ஜீவாத்மாவுக்கும் பரமாத்மாவுக்கும் உள்ள ஒன்பது வகை ஸம்பந்தங்களை நம் பூர்வர்கள் எண்ணிக் காட்டியிருக்கிறார்கள். அவை நாம் தேடிக்கொண்டவை அல்ல. ஆகவே நம்மால் தொலைக்கக் கூடியவையும் அல்ல. ஒரே ஸ்வாமிக்குச் சொத்தானவர்கள் தங்களுக்குள் அந்நியராவது எப்படி?

இவ்வளவும் தெரிந்தும் அடியேனுக்கு ஒரு சங்கடம் எஞ்சியிருந்தது. அந்த அன்பருக்காக என்ன செய்வது?

சாஸ்திரம் கருணை மிக்கது. மஹாளய பக்ஷத்தில் தாய் தந்தை வர்க்கத்தாருக்கு மட்டுமின்றிக் காருண்ய பித்ருக்களுக்கும் தர்ப்பணம் உண்டு. அதில் ஆசாரியனும் ஸ்நேஹிதனும் இடம் பெறுகிறார்கள். கோத்திரம் தெரியாதவர்க்குக் காச்யப கோத்திரம் சொல்வது மரபு. தர்ப்பணத்தின் கடைசியில், தாயும் தந்தையும் உற்றாரும் அற்றுப்போனவர்கள் அனைவருக்குமாக ஒரு முறை ஜலம் விடுகிறோம். ரதஸப்தமிக்கு மறுநாள் வரும் அஷ்டமியில், பிள்ளையில்லாத பீஷ்மாசாரியருக்குத் தர்ப்பணம் செய்வோர் இன்றும் இருக்கிறார்கள். அவரை அவர்களுள் எவர் கண்டார்கள்? ஆக, பெயரும் கோத்திரமும் அறியாதது தடையன்று. தடை வேறொன்று. அவர் ஜீவித்திருந்தால்? உயிரோடிருப்பவருக்கு எள்ளும் நீரும் இறைப்பது தகுமா? மறைந்திருந்தால், க்ஷேமத்தை வேண்டி நீண்ட ஆயுளுக்கு ஸங்கல்பம் செய்வது பொருந்துமா?

பிரிவுகளில் மிகக் கடியது இதுவே என்று அப்போது உணர்ந்தேன். மரணத்துக்குப் பத்து நாள், பன்னிரண்டு நாள் என்று ஒரு முடிவு உண்டு. செய்தியில்லாத பிரிவுக்கு அந்த எல்லை இல்லை. பிள்ளை வீட்டை விட்டுப் போய்விட்ட தாயும், கடலுக்குப் போனவர் திரும்பாத வீடும் இந்தத் துக்கத்தை அறிந்தே இருக்கும். தொலைவிலிருந்தே பழகும் இக்காலத்தில் இது பலருக்கும் பொதுவாகி வருகிறது.

விடை வெகுநாள் கழித்து, ஸந்நிதியில் தினமும் நடப்பதிலிருந்தே கிடைத்தது. அர்ச்சனைக்கு வரும் சிலர் பெயர், நக்ஷத்திரம் ஒன்றும் சொல்லாமல், "பெருமாள் பேருக்கே செய்யுங்கள்" என்பார்கள். அவ்வாறே செய்கிறோம். இருப்பவருக்கும் மறைந்தவருக்கும் ஒருசேரப் பொருந்துவது அது ஒன்றே. அன்று முதல், காலையில் மாலை சாற்றியானதும் ஒரு கணம் ஒதுங்கி நின்று பெருமாளைச் சேவித்து, "ஸ்வாமி, இன்று துளஸியும் செண்பகமும்" என்று வாய்க்குள் சொல்லிக்கொள்கிறேன். கேட்பவர் இந்த லோகத்தில் இருந்தால் இங்கிருந்து சேவிக்கட்டும். திருநாட்டில் இருந்தால் அங்கே நேரிலேயே சேவித்துக்கொண்டிருப்பார்.

அடியேனுடைய நினைவும் அநித்தியமே. அவர் குரலின் தொனி இப்போதே சிறிது சிறிதாக மங்கி வருகிறது. அதை ஒப்புக்கொள்ள வெட்கமாகவும் இருக்கிறது. அங்கேதான் ஸ்ரீவராஹ நாயனார் பூமிப் பிராட்டிக்கு அருளிய வாக்கு கைகொடுக்கிறது. உடல் நலமாயிருக்கும் காலத்தில் தன்னை நினைத்தவனை, அவன் நினைவிழந்து கிடக்கும் அந்திம காலத்தில் தானே நினைப்பதாக எம்பெருமான் சொன்னான். நினைக்கும் பொறுப்பை முடிவில் அவனே ஏற்றுக்கொள்கிறான். நாம் மறந்துபோவோரை அவன் மறப்பதில்லை. ஆகவே நண்பரை நினைப்பதாவது, அவரை மறதியில்லாத ஒருவன் கையில் ஒப்படைப்பது. ஒப்படைத்த பிறகு நம் நினைவு மங்கினாலும் நஷ்டமில்லை.

ஆனால் ஒன்று. 'நாளை சொல்கிறேன்' என்ற அந்த வார்த்தைக்கு அடியேனிடம் இன்றும் ஸமாதானம் இல்லை. தளிகைக்கு நேரமாகியிருந்தது உண்மை. 'ஆம், ஸம்பந்தம்தான்' என்று சொல்ல எவ்வளவு நேரம் பிடித்திருக்கும்? உறவுகள் நிலையாதவை என்பதை அன்று மெய்யாகவே அறிந்திருந்தால், அந்த இரண்டு வார்த்தைகளை நாளைக்கென்று வைத்திருக்க மாட்டேன். அநித்தியத்தை உணர்ந்தவன் செய்யவேண்டியது பற்றை அறுப்பது மட்டுமன்று. பிறருக்குத் தரவேண்டிய நல்வார்த்தையை அன்றே தந்துவிடுவதும் ஆகும்.

யாத்ரிகர்களே! இந்த உத்ஸவத்தில் தங்கள் பக்கத்தில் நின்று வடம் பிடித்தவரிடம் பெயரையும் ஊரையும் கேட்டுக்கொள்ளுங்கள். தண்ணீர் கொடுத்தவருக்கு வாய்திறந்து நன்றி சொல்லுங்கள். தூரத்தில் இருக்கும் நண்பர் கேட்டு, தாங்கள் விடை சொல்லாமல் வைத்திருக்கும் கேள்வி ஏதேனும் இருந்தால், ஊருக்குத் திரும்புமுன் சொல்லிவிடுங்கள். பெயர் தெரியாமல் தொலைந்துபோன அன்பர் எவரேனும் தங்களுக்கும் இருந்தால், பெருமாள் பேருக்கே ஓர் அர்ச்சனை செய்து அவரை நினைத்துக்கொள்ளுங்கள்.

ஒருவேளை அந்த அன்பரே இந்தக் கூட்டத்தில் எங்கேனும் நின்றுகொண்டிருக்கக் கூடும். இம்மலர் அவர் கைக்கும் வரலாம். அப்படியானால் அவர் தம் பெயரைச் சொல்லவேண்டியதில்லை. ஸந்நிதிக்கு முன் வந்து, "ஸ்வாமி, இன்று பெருமாளுக்கு என்ன திருமாலை?" என்று கேட்டால் போதும். அடியேன் அறிந்துகொள்வேன்.

கண்டவரும் காணாதவருமான எல்லா அன்பர்களுக்கும் க்ஷேமத்தை அருளவேண்டுமென்று எம்பெருமான் திருவடிகளில் பிரார்த்தித்து அமைகிறேன்.

சுபம்.